பூனைக்குக் கம்பளி நூலில் பொம்மை பின்னிக் கொடுக்கலாமா?

கேள்வி, மே 3
எட்டு மாதப் பூனைக்குட்டி வைத்திருக்கிறேன். வாங்கித் தந்த பொம்மை எதையும் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் பின்னல் போட உட்கார்ந்தால் மட்டும் நூல்கண்டின் மேல் பாய்ந்து விழுகிறது. அதனால் அதே நூலில் ஒரு பந்தும், நீள வால் வைத்த எலி ஒன்றும் பின்னித் தரலாம் என்று யோசனை. நூல் பந்தும் பூனையும் காலங்காலமாக ஒன்றாக இருப்பவைதானே?

மே 3, இரவு
வேண்டாம். நூல் பந்தும் பூனையும் படங்களில் ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் கண்டை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பூனை மிளகு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். நுரை நுரையாக வாந்தி எடுத்தாள். கட்டிலுக்கடியில் காலை மடக்கிக் குறுகி உட்கார்ந்தே கிடந்தாள். நக்கி விழுங்கிய முடி உருண்டையாக அடைத்திருக்கும், தானாக வெளியே வந்துவிடும் என்று நான் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மருத்துவர் அவள் வாயைத் திறந்து, தாடைக்குக் கீழிருந்து கட்டைவிரலால் அழுத்தி நாக்கைத் தூக்கிக் காட்டினார். நாக்கின் அடிவேரில் மயிரிழை போல ஒரு நீல நூல். நான் தலையணை உறை தைத்த நூல். ஒரு முனை அங்கே மாட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை குடலில்.

பூனை நக்கினால் சொரசொரவென்று இருக்குமே, அது நாக்கில் இருக்கும் குட்டிக் குட்டிக் கொக்கிகளால். அத்தனையும் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. நூல் ஒட்டிக்கொண்டால் பூனைக்குத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியிலோ, இரைப்பை குடலோடு சேரும் இடத்திலோ மாட்டினால், குடல் மீதி நூலை முன்னே தள்ளப் பார்த்துக்கொண்டே இருக்கும். நூல் நகராது. குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாகச் சேருமே, அப்படி. பிறகு இறுகிய நூல் குடல் சுவரை அறுக்க ஆரம்பிக்கும். மிளகுக்கு அறுவை செய்து எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள்.

மே 4, காலை
முக்கியமானதை விட்டுவிட்டேன். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

நூல் என்றால் தையல் நூல் மட்டுமில்லை. ரிப்பன், ரப்பர் பேண்டு, பரிசுப் பொட்டலத்து நாடா, பல்லிடுக்கு நூல், ஜரிகை எல்லாம் சேர்த்தி.

மே 4, மாலை
அப்படியானால் எதைத்தான் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். முதலில் ஒரு நாள் உட்கார்ந்து அதன் விளையாட்டைப் பாருங்கள். நீங்கள் பின்னும்போது நூல் துடிக்கிறது, நிற்கிறது, மறுபடி விலகி ஓடுகிறது. பூனை அந்த அசைவைத்தான் துரத்துகிறது. பிடித்த பிறகு என்ன செய்கிறது என்றும் பாருங்கள். என்னுடையவள் முன்னங்கால் இரண்டாலும் கட்டிப்பிடித்துப் பக்கவாட்டில் சாய்ந்து, பின்னங்கால்களால் சரமாரியாக உதைப்பாள். அதனால் அவளுக்கு நான் தைப்பது உதைமூட்டை. எங்கள் வீட்டில் வைத்த பெயர் அது.

ஜீன்ஸ் மாதிரி நெருக்கமாக நெய்த கெட்டித் துணி. தைத்து முடித்தால் 28 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம் வர வேண்டும். மோவாயிலிருந்து பின்னங்கால் வரை எட்டுகிற அளவு. இதைவிடச் சின்னதாக இருந்தால் உதைக்க வாகாக இருக்காது, தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, ஓரத்தில் 1 சென்டிமீட்டர் விட்டு, அடைக்க ஒரு திறப்பு மட்டும் வைத்து, ஊசியைப் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையல் இரண்டு வரிசை. இழையோட்டம் மட்டும் போட்டால் ஒரு வாரத்தில் பிரிந்துவிடும். திருப்பி, உள்ளே பழைய பனியன் துணியைப் பொடிப்பொடியாக வெட்டி நெருக்கி அடையுங்கள். திறப்பை உள்ளே மடித்து, நெருக்கமாகத் தைத்து, நூல் முனையை ஊசியோடு மூட்டைக்குள் ஓட்டி வெளியே இழுத்து ஒட்ட நறுக்கிவிடுங்கள். முனை உள்ளே போய்விடும்.

கண், மூக்கு, மீசை, வால் எதுவும் வேண்டாம். அதெல்லாம் நாம் பார்த்து ரசிக்க வைப்பது. பூனை முதலில் கழற்றுவதும் அதைத்தான். பட்டனும் மணியும் நேரே தொண்டைக்குப் போகும்.

மே 6
மூட்டைக்குள் கேட்னிப் (வாசத்தால் பூனைகளை மயக்கும் புதினா வகைச் செடி) வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். வைக்கலாம். காய்ந்த இலை ஒரு தேக்கரண்டி போதும். ஆனால் எல்லாப் பூனையும் மயங்காது. மூன்றில் இரண்டுதான் மயங்கும், அது பிறவியிலேயே வருவது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் பொதுவாகச் சட்டை செய்யாது. மயங்குகிற பூனையும் பத்து நிமிஷம் போலப் புரண்டுவிட்டு எழுந்து போய்விடும். பிறகு கொஞ்ச நேரத்துக்கு அந்த வாசம் அதற்கு எடுபடாது. நாள் முழுக்கத் தரையில் போட்டு வைத்தால் வீண்தான். டப்பாவில் மூடி வைத்து வாரம் ஒருமுறை எடுங்கள்.

பூனைகள் ஏன் இப்படிப் புரள்கின்றன என்பதற்கு ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஒரு நல்ல காரணம் சொன்னார்கள். வெள்ளிக்கொடி என்று சொல்லத்தக்க ஒரு மலைக்கொடியின் இலையும் பூனையைக் கேட்னிப் போலவே மயக்குகிறது. அதில் தேய்த்துக்கொண்ட பூனையின் மேல் கொசு குறைவாகவே உட்கார்ந்ததாம். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது.

தமிழில் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் வாசத்துக்குப் பூனைகள் வந்து புரளும். எங்கள் வீட்டுத் தொட்டியில் தானாக முளைத்ததைப் பிடுங்கியபோது நானே பார்த்தேன். ஆனால் அதை மூட்டைக்குள் வைத்துத் தைக்க மாட்டேன். அந்தச் செடியில் சயனைடு சார்ந்த ஒரு பொருள் இருக்கிறது. கடித்துக் கிழிக்கப்போகிற ஒன்றுக்குள் அதை வைக்க மனம் ஒப்பவில்லை.

மே 7
கோல் பொம்மை பற்றி. நூல் கூடாது என்று சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். கோலின் மறுமுனை உங்கள் கையில் இருக்கிற வரைக்கும்தான் அது பொம்மை. விளையாடி முடிந்ததும் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். நான் நூலுக்குப் பதிலாக 3 சென்டிமீட்டர் அகலத்தில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணிப் பட்டையைக் கட்டுகிறேன். அதற்கு முனையில் பிசிறு வராது. விழுங்கவும் சுலபமில்லை.

ஆட்டும் விதம் முக்கியம். நிறையப் பேர் பூனையின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எலி பூனையைத் தேடி வராது. விலகிப் போகட்டும், நாற்காலிக் காலுக்குப் பின்னால் பாதி மறையட்டும், அங்கேயே நின்று லேசாகத் துடிக்கட்டும். மிளகு அப்போது தரையோடு தரையாகப் படிவாள். காது முன்னே திரும்பும், கண்ணின் கருமணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிவிடும், பின்பக்கம் இடமும் வலமும் இரண்டு தடவை அசையும். அந்த அசைவு வந்துவிட்டால் அடுத்த நொடி பாய்ச்சல். நாலைந்து தடவைக்கு ஒரு தடவையாவது பிடிக்க விடுங்கள். கடைசியில் ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். வேட்டை சாப்பாட்டில் முடிந்தால்தான் அவள் போய்ப் படுப்பாள். இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்கு என் கால்விரலைப் பிடிப்பாள்.

மே 9
நாய்க்கு எதுவும் சொல்லவில்லையே என்றார்கள். எங்கள் ஜிம்மிக்குச் செய்கிற கயிறு: பழைய பனியன் துணியில் 4 பட்டை, ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் நீளம். ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்தால் அது தானாகக் குழல் போலச் சுருண்டுகொள்ளும். ஒரு முனையில் நாலையும் சேர்த்து முடிச்சு, இறுக்கிப் பின்னல், மறுமுனையில் முடிச்சு. பின்னலில் நீளம் நன்றாகக் குறையும், அதற்குத் தகுந்த மாதிரி கூட்டி வெட்டுங்கள். முடிச்சைச் சிறியதாகப் போடாதீர்கள். நாயின் வாய்க்குள் முழுதாகப் போகிற எதையும் அது ஒரு நாள் விழுங்கிப் பார்க்கும்.

பூனைக்கு அழகாக ஒரு கழுத்துப் பட்டை தைக்க ஆசைப்பட்டவருக்கு: உள்ளே ஒரு துண்டு எலாஸ்டிக் வைத்துத் தையுங்கள், எங்காவது மாட்டினால் நீண்டு கொடுக்கும்.

மே 10
நாய்க்கு டென்னிஸ் பந்து கேட்டவருக்கு: எறிந்து விளையாடலாம். படுத்துக்கொண்டு மெல்ல விடாதீர்கள். அதன் மேலுறையில் மண் ஏறினால் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும்.

கயிற்றின் நிறம் பற்றியும் ஒன்று. முதலில் நான் பின்னியது நல்ல சிவப்பு. புல்லில் எறிந்தால் ஜிம்மி பக்கத்திலேயே நின்றுகொண்டு மூக்கால் துழாவுவான். சோம்பல் என்று நினைத்தேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கலாகத் தெரியும் என்பதைப் பிறகு படித்தேன். அடுத்த கயிறு நீலத்தில். தூரத்திலிருந்தே குறி வைத்து ஓடுகிறான்.

மே 12
தின்பண்டம். அளவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையால் செய்தது என்றதும் நமக்குக் கை தாராளமாகிவிடும். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டத்துக்குப் போகக் கூடாது. நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி. அதில் பத்தில் ஒன்று 20. அவ்வளவுதான்.

நாய்க்கு: ஓட்ஸ் மாவு ஒரு கப், வேகவைத்து மசித்த பூசணி அரை கப், முட்டை ஒன்று. உப்பு, சர்க்கரை கிடையாது. பிசைந்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, கடலை அளவுக்கு வெட்டி, ஓவன் அடுப்பில் 175 டிகிரி செல்சியஸில் 20 நிமிஷம். அணைத்த அடுப்புக்குள்ளேயே ஆறும் வரை விட்டால் ஈரம் போய் மொறுமொறுப்பாகும். இந்தக் கடைசி வேலையை முதல் தடவை நான் செய்யவில்லை. மெத்தென்று இருந்ததையே டப்பாவில் போட்டு மூடினேன். நாலாம் நாள் திறந்தால் மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது, பிஸ்கட் மேல் பச்சைப் பொட்டு. பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிவிட்டுத் தராதீர்கள். அத்தனையையும் கொட்டிவிடுங்கள்.

பூனைக்கு: எலும்பில்லாத கோழி நெஞ்சுக் கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, அதே அடுப்பில் 100 டிகிரியில் 2 மணி நேரம். வளைத்தால் ஒடிய வேண்டும். சர்க்கரைவள்ளி பிஸ்கட்டைப் பூனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டவரே, அதற்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர இரண்டு மரபணு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பூனைக் குடும்பத்தில் அதில் ஒன்று பழுது. இதைக் கண்டுபிடித்து 2005இல் வெளியிட்டார்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை.

மே 12, இரவு
உலர்திராட்சை சேர்க்கலாமா, உண்ணிக்குப் பூண்டு நல்லதாமே என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் கூடவே கூடாது என்பதுதான் பதில். திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று நம்பிச் சொல்ல ஒரு கணக்குக் கிடையாது. பூண்டும் வெங்காயமும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்துச் சோர்ந்து போகும். அதனால் பூண்டுதான் காரணம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. சூப் பொடியிலும் வெங்காயத் தூள் இருக்கும். நான் வெறும் தண்ணீரில் என்று எழுதியது அதனால்தான்.

மே 13
வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தரலாம். ஆனால் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு. சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். பிர்ச் சர்க்கரை என்றும் போட்டிருப்பார்கள். மனிதருக்கு அது இப்படி நஞ்சாவதில்லை. நாய்க்கு இன்சுலின் குபுக்கென்று சுரந்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம், கல்லீரலும் போகலாம். சர்க்கரையில்லாத சூயிங் கம் வைத்த கைப்பையையும் உயரத்தில் மாட்டுங்கள்.

மே 15
மே 9ஆம் தேதி எலாஸ்டிக் வைக்கச் சொன்னேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாராவது தைத்திருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

நேற்று மிளகை வருஷாந்தர ஊசிக்குக் கொண்டுபோனபோது இதைப் பற்றிக் கேட்டேன். மருத்துவர் தலையை ஆட்டினார். எலாஸ்டிக் நீள்கிறது என்பதால்தான் பூனை பட்டைக்குள் ஒரு முன்னங்காலை நுழைத்துவிடுகிறதாம். நுழைந்த கால் திரும்ப வராது. பட்டை அக்குளில் இறுகி, நடக்க நடக்கத் தோலை அறுக்கும். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகிற புண்ணாம் அது. நான் சரியாக யோசிக்காமல் எழுதிவிட்டேன், மிகவும் வருந்துகிறேன்.

பூனைக்கு வேண்டியது அழுத்தமாக இழுத்தால் பட்டென்று விட்டுக்கொடுக்கும் கொக்கி. அதைக் கையால் செய்ய முடியாது, வாங்கிக்கொள்ளுங்கள். பட்டைத் துணியை நீங்கள் தைத்துக் கோத்துக்கொள்ளலாம். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வாக இருந்தால் கால் நுழையும்.

நாய்க்குக் கழுத்துக் கைக்குட்டை கேட்டவருக்கும் இதே யோசனைதான். கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடாதீர்கள். முக்கோணத் துணியின் மேல் ஓரத்தை மடித்து ஒரு குழலாகத் தைத்து, அதற்குள் இருக்கிற கழுத்துப் பட்டையையே நுழைத்துவிடுங்கள்.

மே 18
தையலே வராது என்பவர்களுக்கு அட்டைப்பெட்டி. கம்பி ஊசியையும் ஒட்டுநாடாவையும் உரித்துவிட்டு, கவிழ்த்து, பூனை நுழையும் அளவுக்கு ஒரு வாசல், எதிர்ப்பக்கம் ஒரு வாசல். ஒன்றே ஒன்று வைத்தால் துரத்தும்போது வெளியேற வழியில்லாமல் மிரளும். நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிய ஒரு பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பயம் தெளிந்தன. புதிதாகப் பூனை கொண்டுவருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது பெட்டியைத்தான்.

கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக்குழல் பத்தைச் சேர்த்து, கீழே 4, அதன் மேல் 3, 2, 1 என்று அடுக்கி, மாவுப் பசையால் ஒட்டி, உள்ளே உலர்தீனியைப் போட்டு வைத்தேன். மிளகு மூன்று நாள் அதன் பக்கத்தில் படுத்தாளே தவிரக் கையை விடவில்லை. உழைத்துத் தின்னும் விருப்பம் எலிகளுக்கு இருப்பதை ஜென்சன் என்பவர் 1963இல் காட்டினார், அப்புறம் பல விலங்குகளிலும் பார்த்தார்கள். ஆனால் 2021இல் வீட்டுப்பூனைகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை தட்டில் சும்மா கிடக்கும் தீனிக்கே போயின. ஆகவே உங்கள் பூனை திரும்பிப் பார்க்காவிட்டால் மனம் தளர வேண்டாம், பட்டினி போட்டுப் பழக்கவும் வேண்டாம்.

மே 18, இரவு
ஜிம்மிக்கு அதே குழல் போதும். உள்ளே நாலு தீனி, இரண்டு முனையையும் மடக்கிக் கொடுத்தால் முழு மனதோடு கிழிப்பான். அவன் எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் வயிற்றைக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுப்பவன். நான் பல மாதம் அதைத் திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன். கிழிப்பதுதான் அவன் விளையாட்டு என்று புரிந்த பிறகு தைப்பதை விட்டுவிட்டேன். இப்போது ஒரு கெட்டித் துணிப்பை, அதற்குள் ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளத்துக்கு ஐந்தாறு ஃப்ளீஸ் துண்டுகள், நடுவில் தீனி. இழுத்து இழுத்து வெளியே போடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரும்ப அடைப்பேன். அட்டையைக் கிழிக்கிற நாய்க்கு அதைக் கொடுக்கலாம், விழுங்குகிற நாய்க்குக் கொடுக்கக் கூடாது. இரண்டும் ஒன்றில்லை.

மே 20
முயல்: அதே அட்டைக்குழலில் வைக்கோல் போன்ற உலர்புல்லை நெருக்கி அடைத்துக் கொடுங்கள். அதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும், அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பசை, அச்சு மையால் மினுங்கும் அட்டை வேண்டாம்.

கிளி: துத்தநாகம் பூசிய கம்பி, ஈயம், எதிலும் பொம்மை கோக்காதீர்கள், கொத்திக் கொத்தி உள்ளே போய் நஞ்சாகும். நைந்த கயிறு கால்விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை பார்த்து இழைகளை நறுக்குங்கள். பறவைகளை நான் வளர்த்ததில்லை, நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 2
உதைமூட்டை தைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஒரு முனையில் தையல் விட்டுப் பனியன் துணுக்கு எட்டிப் பார்க்கிறது, அப்படியே கொடுக்கலாமா என்று கேட்டதற்கு: இல்லை, இன்றிரவே எடுத்துவிடுங்கள். தைத்த பிறகு தரலாம். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாப் பொம்மையையும் மேசையில் கொட்டி, ஒவ்வொரு தையலையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பேன். கட்டைவிரல் நகம் நுழைகிற இடைவெளி இருந்தால் அது தையல் கூடைக்குப் போகும். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் விட்டால் குப்பைக்கு.

இந்த ஞாயிறு கூடைக்குப் போனது ஒன்றுதான், ஜிம்மியின் நீலக் கயிறு. மிளகின் மூட்டை இரண்டு வருஷம் பழையது, துணி வெளுத்துவிட்டது, தையல் இன்னும் அசையவில்லை. சோதித்துக் கீழே வைப்பதற்குள் வந்து கட்டிப்பிடித்துச் சாய்ந்துவிட்டாள்.